யூஎஸ்பி வழியே ஃபர்ம்வேர் ஏற்றுவது: லினக்ஸா, விண்டோஸா?

கோவை, திருப்பூர்ப் பக்கம் பம்ப்செட் பேனல், எம்ப்ராய்டரி மெஷின், வைண்டிங் மெஷின் என்று கன்ட்ரோல் போர்டுகளில் ஃபர்ம்வேர் (போர்டின் சிப்புக்குள் ஓடும் நிரல்) ஏற்றக் கை வைக்கிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸ் லேப்டாப்போடுதான் வருவார்கள். மெஷின் கம்பெனி தரும் அப்டேட் மென்பொருள் பல நேரம் அதில் மட்டும்தான் ஓடும். அதற்கு லினக்ஸை இழுப்பது வீண் வேலை. ஆனால் எஸ்டிஎம்32, ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைத்து நாமே செய்த போர்டு என்றால் லினக்ஸ்தான் மேல். வேகம் இரண்டிலும் ஒன்றுதான். எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதை லினக்ஸ் வாய்விட்டுச் சொல்லும்.

பழுது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வருகிறது. எஸ்டிஎம்32 போர்டு சாதாரணமாக ஓடும்போது 0483:5740 என்ற யூஎஸ்பி அடையாள எண்ணோடு சீரியல் போர்ட்டாகத் தெரியும். பூட்0 பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்து ரீசெட் அடித்தால் அதே போர்டு ஃபர்ம்வேர் ஏற்றும் டிஎஃப்யூ நிலைக்குப் போய் 0483:டிஎஃப்11 ஆகி வரும். கணினிக்கு அது முற்றிலும் வேறு சாதனம். அங்கேதானுங்க வம்பே.

விண்டோஸ் 10 முதல் சீரியல் போர்ட்டுக்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. அதனால் முதல் பாதி சுகமாகப் போகும். அடையாளம் மாறிய உடனே டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். ஸாடிக் என்ற டிரைவர் மாற்றும் கருவி வைத்து வின்யூஎஸ்பி டிரைவரைப் போட வேண்டும். போடுமுன் பட்டியலில் 0483, டிஎஃப்11 என்று இரண்டு எண்ணையும் பாருங்கள். அவசரத்தில் மவுசைத் தேர்ந்தெடுத்து அழுத்தினால் மவுஸ் செத்துவிடும். பிறகு டிவைஸ் மேனேஜரில் டிரைவரோடு சேர்த்து அன்இன்ஸ்டால் செய்து, மறுபடி ஸ்கேன் செய்தால்தான் உயிர் வரும். இன்னொன்று: எஸ்டிஎம்32 சிப் செய்யும் எஸ்டி நிறுவனத்தின் பழைய டிஎஃப்யூஎஸ்இ கருவிக்கு ஒரு டிரைவர், புதிய கியூப்புரோகிராமருக்கு வேறு டிரைவர். ஒன்றில் போர்டு தெரிந்து மற்றதில் தெரியாவிட்டால் போர்டைச் சந்தேகிக்காதீர்கள்.

லினக்ஸில் டிரைவர் தொல்லை இல்லை, அனுமதித் தொல்லை உண்டு. ஃபர்ம்வேர் ஏற்றும் கருவியான டிஎஃப்யூ-யூடில் 'ஆக்சஸ்' பிழை காட்டினால் பலரும் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு ஓட்டிவிடுவார்கள். அன்றைக்கு ஓடும், அடுத்த ஆள் உட்காரும்போது மறுபடி நிற்கும். சாதனம் செருகும்போது யாருக்கு அனுமதி என்று சொல்லும் யூடெவ் விதி ஒன்று எழுதி, அந்த டிஎஃப்11 எண்ணுக்கு 'யூஆக்சஸ்' டேக் கொடுப்பதே சரி. கோப்பின் பெயர் 73-க்குக் குறைந்த எண்ணில், உதாரணமாக 70-ல், தொடங்க வேண்டும். அந்த டேக்கைப் படித்து அனுமதி தரும் விதி 73-ல் இருக்கிறது. 99 என்று பெயர் வைத்தால் பலன் இல்லை. விதிகளை ரீலோட் செய்தபின் போர்டைக் கழற்றி மாட்டுங்கள். சீரியல் போர்ட்டுக்கு 'டயல்அவுட்' குழுவில் சேர்ந்தவர்கள் லாக்அவுட் செய்து திரும்ப வந்தால்தான் அது செல்லும்.

உபுண்டு 22.04-ல் சிஎச்340 என்ற யூஎஸ்பி-சீரியல் சிப் உள்ள போர்டைச் செருகினால் போர்ட் தோன்றி அடுத்த நொடி மறைவது தனிக் கூத்து. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவி என்று நினைத்து பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி பயன்படுத்தாதவர்கள் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடலாம். லினக்ஸ் கெர்னலின் டிமெசேஜ் (dmesg) பதிவில் அதன் பெயரே எழுதியிருக்கும், தேட வேண்டியதில்லை.

அந்த சிப்புக்குப் பெரும்பாலும் சீரியல் எண்ணும் கிடையாது. விண்டோஸில் வேறு யூஎஸ்பி துளையில் செருகினால் காம் எண் மாறும். காம்5 என்று எழுதிய பேட்ச் (.bat) கோப்பு அப்படியே நிற்கும். லினக்ஸில் சீரியல் 'பை-ஐடி' பெயர் பெரும்பாலும் உதவும், ஆனால் இரண்டு சிஎச்340 இருந்தால் இரண்டுக்கும் அதே பெயர். அப்போது எந்தத் துளை என்பதை வைத்துப் பெயர் தரும் 'பை-பாத்' பிடியுங்கள்.

லினக்ஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினி ஓட்டும் மென்பொருள்) வைத்து விண்டோஸ் கருவியை ஓட்டினால், பாதியில் அடையாளம் மாறியதும் போர்டு வெளியே லினக்ஸிடம் வந்துவிடும். இரண்டு எண்ணுக்கும் ஃபில்டர் போட்டால் ஒழிய வேலை நடக்காது.

கேபிளுக்கு எந்த இயங்குதளமும் ஒன்றுதான். விண்டோஸ் கோடு 43 என்று மட்டும் சொல்லும். லினக்ஸ் பதிவில் -71 வந்தால் சிக்னல் கெட்டிருக்கிறது, -110 என்றால் பதிலே வரவில்லை. எதுவுமே வராவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும் கேபிளாக இருக்கும். நிட்டிங் யூனிட்டில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும்போது -71 அடிக்கடி வந்தால் டிரைவை நிறுத்திவிட்டு ஏற்றுங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத சப்ளை வைத்த பம்ப் போர்டில் கிரவுண்டே மெயின்ஸோடு ஒட்டியிருக்கும்; அதில் நேரடியாக லேப்டாப்பைச் செருகவே கூடாது. மெயின்ஸைக் கழற்றிவிட்டு யூஎஸ்பி மின்சாரத்தில் ஏற்றுங்கள், அல்லது ஏடியூஎம்4160 சிப் வைத்த யூஎஸ்பி ஐசோலேட்டர் (இரண்டு பக்கத்தையும் மின்சாரத்தில் பிரிப்பது) போடுங்கள். 12 எம்பிபிஎஸ் வரைதான் தாங்கும், இந்த வேலைக்கு அது போதும்.

பாதியில் கரண்ட் போனால் பயம் வேண்டாம். எஸ்டிஎம்32-ன் பூட்லோடர் (ஃபர்ம்வேரை ஏற்றும் சிறு நிரல்) ராமில் அல்ல, ரோமில் இருக்கிறது, அழியாது. பூட்0 பிடித்து மறுபடி தொடங்கலாம். கம்பெனி சொந்தமாக எழுதிய பூட்லோடர் இருக்கும் போர்டில்தான் கவனம் வேண்டும். அது 08000000 முகவரியிலும் நம் நிரல் 08008000-லும் இருக்கையில், பழக்க தோஷத்தில் 08000000 என்று கொடுத்தால் பூட்லோடர் மேலேயே எழுதிவிடும். ரீட் புரொடெக்ட் (உள்ளிருக்கும் நிரலைப் படிக்க விடாத பூட்டு) போட்ட போர்டில் 'அன்புரொடெக்ட்' கட்டளை ஃபிளாஷ் முழுவதையும் துடைத்துவிடும். பழைய ஃபர்ம்வேரின் .bin கோப்பு கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.