டீகாஃப் பெயரில் 38,400 ரூபா போச்சு: பண்டாரவளை, எல்ல பக்கம் விடுதி நடத்துறவங்க கவனம்

முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபா. "கஃபீன் நீக்கிய மலைநாட்டுக் கோப்பி", அதாவது டீகாஃப், நாலு கிலோ, கிலோ 9,600 படி. பக்கற்றுக்குள் இருந்தது சாதாரணக் கோப்பி. விற்ற பேஸ்புக் பக்கத்தில் இன்று காலையும் புது விளம்பரம் ஓடுகிறது, அதனால்தான் கோபம் ஆறுமுன்பே எழுதுகிறேன்.

விற்றது ஒரு பேஸ்புக் பக்கம். கடை கிடையாது. வட்ஸ்அப் இலக்கம், வங்கிக் கணக்கு, கூரியர், அவ்வளவுதான். பெயரைப் போட்டும் பிரயோசனமில்லை, நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். ஏமாற்றுகிற விதம் மாறாது. அதைத்தான் எழுதுகிறேன்.

விடுதிகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டீகாஃப் கேட்கும் வெளிநாட்டுக்காரர்கள் எப்போதும் உண்டு. இப்போது நம்மவர்களும் கேட்கிறார்கள்: பிள்ளைத்தாய்ச்சிகள், நெஞ்சுப் படபடப்புக்கு மருந்து எடுப்பவர்கள், தூக்கம் வராதவர்கள். இவர்களுக்கு டீகாஃப் என்று சொல்லி வேறொன்றை ஊற்றிக்கொடுப்பது சின்ன விஷயமில்லை.

நம்ப வைத்தது ஒரு வீடியோ. பெரிய எவர்சில்வர் பீப்பாய், அதில் பச்சைக் கோப்பிக் கொட்டை ஊறுகிறது. மேலே தெளிந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாக மாறுகிறது. பின்னணியில் பனிமூட்டம், தேயிலை மலை. "நம்ம மலைத் தண்ணியிலேயே கஃபீனை இறக்குறோம் அண்ணே, ஒரு சொட்டு கெமிக்கல் இல்ல." கடைசியில் ஒரு சின்னப் போத்தலைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து குலுக்கிக் காட்டினார்கள், உள்ளே வெள்ளைத் தூள். "இதுதான் எடுத்த கஃபீன்." பேச்சும் வாய் கூசாத பேச்சு. பச்சைக் கொட்டையின் ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்டால் "பதினொண்ணு" என்று உடனே பதில். சரியான பதில்தான், பத்திலிருந்து பன்னிரண்டு வீதத்துக்குள் இருக்க வேண்டும். தொழில் தெரிந்த ஆளென்று அந்தப் பதிலில் காசு போனது. முழுப் பணமும் முன்கூட்டியே.

அந்த வீடியோவை இப்போது பிரித்துப் பார்ப்போம். இதே மாதிரி வீடியோ உங்களுக்கும் வரும்.

கஃபீனை எடுப்பது எப்போதும் வறுக்கும் முன், பச்சைக் கொட்டையில். அதுவரைக்கும் சரி. ஆனால் கொட்டையை வெறும் தண்ணீரில் ஊறப்போட்டால் கஃபீன் மட்டும் இறங்கி வராது. சீனி, அமிலம், மணத்துக்கு வேண்டிய எல்லாமே சேர்ந்து இறங்கும். பழுப்பாகிறதே, அது கஃபீன் இல்லை, கஃபீனுக்கு நிறமே கிடையாது. பழுப்பாகப் போவது கோப்பியின் ருசி. அதுவும் பச்சைத் தண்ணீரில் கஃபீன் சோம்பேறித்தனமாகத்தான் கரையும்: சாதாரண அறைச் சூட்டில் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் அளவு, கொதிநீரில் 60 கிராமுக்கு மேல். மலையில் பைப்பில் வரும் தண்ணீரின் குளிர் உங்களுக்கே தெரியும்.

உண்மையான தண்ணீர் முறையில் (சுவிஸ் வோட்டர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆலை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில்) வெறும் தண்ணீர் பாவிப்பதில்லை. முதலில் ஒரு தொகுதிப் பச்சைக் கொட்டையின் சத்தெல்லாம் இறங்கிய சாறு எடுத்து, அதிலிருந்து கஃபீனை மட்டும் கரி வடிகட்டியால் பிரித்துவிடுகிறார்கள். பிறகு புதுக் கொட்டையை அந்தச் சாற்றில் போடுகிறார்கள். சாற்றில் ருசிப் பொருட்கள் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் கொட்டையிலிருந்து அவை வெளியேற இடமில்லை. கஃபீன் மட்டும்தான் சாற்றில் இல்லை, அது மட்டும் வெளியே வரும். அந்தச் சாறு மறுபடி கரிக்குப் போகும், மறுபடி வரும். மணிக்கணக்காகச் சுற்றும். மெக்சிக்கோவில் செய்யும் மவுண்டன் வோட்டர் முறையும் இந்த வகைதான். நம்ம ஆட்கள் "மலைத் தண்ணி" என்று பெயர் வைத்தது அதைப் பார்த்துத்தான்.

இப்போது அந்தப் போத்தலுக்கு வாருங்கள். கரி வடிகட்டியில் கஃபீன் கரியோடு ஒட்டிக்கொள்ளும். அதை வெள்ளைத் தூளாகப் பிரித்தெடுப்பது தனித் தொழில். பீப்பாய்க்குப் பக்கத்தில் போத்தலில் வந்து நிற்காது. வெள்ளைக் கஃபீன் தூள் அதிகமாகக் கிடைப்பது கரைப்பான் முறையிலும் காபனீரொட்சைட் முறையிலும்தான் (இரண்டையும் கீழே சொல்கிறேன்). அதை வாங்கிக் குளிர்பானத்துக்கும் மருந்துக்கும் போடுகிறார்கள். ஆகவே "கெமிக்கல் இல்லாத தண்ணீர் முறை" என்று சொல்லிக்கொண்டே போத்தலைக் குலுக்குவது வெறும் கூத்து. போத்தலில் இருந்தது குளுக்கோஸோ என்னவோ.

சரி, தண்ணீரில் ஊறவைத்ததாகவே வைத்துக்கொள்வோம். ஊறிய கொட்டையை மறுபடி பன்னிரண்டு வீத ஈரத்துக்குக் காய வைக்க வேண்டும். பண்டாரவளையில் நாலு நாள் தொடர்ந்து தூறினால் துணியே காயாது. ஊறிய கொட்டை பூஞ்சணம் பிடிக்கும், அதில் ஒக்ராடொக்சின் என்ற நஞ்சு சேரலாம். வீட்டு முற்றத்தில் டீகாஃப் செய்கிறோம் என்று யாராவது உண்மையாகவே செய்தாலும் அதை வாங்காதீர்கள்.

மற்ற முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொட்டையை நீராவியில் உப்ப வைத்து டைகுளோரோமீதேன் அல்லது எதைல் அசிற்றேற்றால் கழுவுவது ஒன்று, இதுதான் கரைப்பான் முறை. கொலம்பியாவில் கரும்பிலிருந்து எடுத்த எதைல் அசிற்றேற்றால் செய்வதைத்தான் "கரும்பு டீகாஃப்" என்று விற்கிறார்கள். அது பழங்களிலும் இருக்கும் பொருள் என்பதால் லேபலில் "இயற்கை முறை" என்றும் போடுவார்கள். டைகுளோரோமீதேன் 40 பாகையில் ஆவியாகிவிடும், கோப்பி வறுபடுவதோ 200 பாகைக்கு மேல். வறுத்த கோப்பியில் மிஞ்சக்கூடிய அளவுக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வரம்பு, அமெரிக்காவில் 10. அந்த முறை பிடிக்காதவர்கள் தாராளமாகத் தவிர்க்கலாம், ஆனால் அப்படிச் செய்த கோப்பி ஏமாற்று இல்லை. 1900களின் ஆரம்பத்தில் ஜேர்மனியின் பிரேமன் நகரில் லுட்விக் ரோசெலியுஸ் முதலில் வியாபாரமாகச் செய்தபோது பாவித்தது பென்சீன். இன்று அதை யாரும் தொடமாட்டார்கள். அடுத்தது காபனீரொட்சைட் முறை, 1960களில் கூர்ட் சோசெல் ஜேர்மனியில் கண்டுபிடித்தது. 31 பாகைக்கு மேல் சூடு, சாதாரண காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் அழுத்தம் வேண்டும். இதில் எந்த முறையும் முற்றத்தில் நடக்காது. பெரிய பெரிய வறுவல்காரர்களே கொட்டையை ஆலைக்கு அனுப்பித்தான் எடுக்கிறார்கள், அல்லது டீகாஃப் ஆன பச்சைக் கொட்டையை வாங்குகிறார்கள்.

பார்சலைப் பிரித்ததும் கண்ணில் பட்டது கொட்டையின் நடுக்கோடு. மிதமாக வறுத்த கொட்டை, கோட்டுக்குள் பால் நிறத்தில் வெள்ளித்தோல் (கொட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்) அப்படியே இருந்தது. கிரைண்டரில் போட்டால் உமி பறந்து மூடியில் ஒட்டியது. டீகாஃப் கொட்டையில் ஊறலிலும் கழுவலிலும் அந்தத் தோல் பெரும்பாலும் போயிருக்கும், மிஞ்சியதும் பழுப்பாக இருக்கும். டீகாஃப் கொட்டை மிதமான வறுவலிலேயே வெளிப்பக்கம் கருத்து, சீக்கிரம் எண்ணெய் மினுமினுப்பு வந்துவிடும். இது ஒரு சந்தேகத்துக்குப் போதும், சாட்சிக்குப் போதாது. கடும் வறுவலில் எல்லாக் கொட்டையும் ஒரே மாதிரித்தான் தெரியும். ருசியும் கைகொடுக்காது: கோப்பியின் கசப்பில் கஃபீனின் பங்கு கொஞ்சம்தான்.

அதனால் பிரிக்காத பக்கற் ஒன்றை ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். உலர் எடையில் 1.7 வீதம் கஃபீன். அரபிகா வகைக் கோப்பியில் ஏறக்குறைய 1.2, ரொபஸ்டா வகையில் 2.2 இருக்கும். ஆக இது பெரும்பாலும் இரண்டும் கலந்த கோப்பி, கஃபீன் ஒரு துளிகூட எடுக்காதது. வறுத்த டீகாஃப்பில் 0.1 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஐரோப்பிய நாடுகளின் அளவு. அமெரிக்காவில் 97 வீதம் எடுத்திருக்க வேண்டும் என்பது வழக்கம். 10 கிராம் தூளில் ஒரு கோப்பை போட்டால், நல்ல டீகாஃப்பில் அதிகபட்சம் 10 மில்லிகிராம். இவர்கள் விற்றதில் 170. கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் நிற்கச் சொல்கிறார்கள். இரண்டு கோப்பையில் எங்கே போகும் பாருங்கள். சாதாரண உடம்பில் கஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் அளவில் போகும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு.

அறிக்கையை அனுப்பிப் பணத்தைக் கேட்டதிலிருந்து வந்த பதில்களைப் படியுங்கள். காசு போடும்வரைக்கும் "அண்ணே", அதற்குப் பிறகு "சேர்".

"டீகாஃப்னாலும் கொஞ்சம் இருக்கும்தானே சேர்." இருக்கும், 0.1. இது அதைப்போல பதினேழு மடங்கு. அது சரி, உங்கள் பக்கற்றில் "100% கஃபீன் அற்றது" என்று அச்சடித்திருக்கிறதே?

"வறுக்கக்குள்ள மிச்சம் எரிஞ்சிரும்." எரியாது. வறுவலில் கஃபீன் பெரிதாகக் குறைவதில்லை. கடும் வறுவலில் கஃபீன் இல்லை என்பது பழைய புரளி.

"உங்க கிரைண்டர்ல பழைய தூள் கலந்திருக்கும்." ஆய்வகத்துக்குப் போனது பிரிக்காத பக்கற், முழுக் கொட்டை.

அடுத்ததுதான் உச்சம். "மலையில தண்ணி வேற மாதிரி கொதிக்கும் சேர், அதுல கஃபீன் கூடுதலா இறங்கும்." நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும், உண்மைதான். கொட்டையில் இல்லாத கஃபீனை எந்தக் கொதியும் இறக்காது. சூடு குறைந்தால் இறங்குவதும் குறையுமே தவிர அதிகமாகாது.

சான்றிதழ் கேட்டோம். ஒரு படம் வந்தது. பெருப்பித்துப் பார்த்தால் மிளகுக்கு வாங்கிய இயற்கை விவசாயச் சான்றிதழ்! அதில் கோப்பி என்ற சொல்லே இல்லை. "ஹெட் ஒபிஸ்ல சொல்லியிருக்கேன்" என்றார்கள். வட்ஸ்அப்பும் வங்கிக் கணக்கும் தவிர வேறெதுவும் இல்லாத கடைக்கு எங்கே ஹெட் ஒபிஸ்? அதற்குப் பிறகு இலக்கம் தடை. 38,400 ரூபாயில் ஒரு சதம் திரும்பவில்லை, ஆய்வகச் செலவு வேறு.

எப்படித் தெரிவு செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவு. எந்த முறை, எந்த ஆலை, எந்தத் தொகுதி என்று கேளுங்கள். "நாங்களே செய்கிறோம்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். உள்ளூர்த் தோட்டத்துக் கொட்டை என்றால், கஃபீன் எடுக்க எங்கே அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். உலர் எடையில் கஃபீன் எவ்வளவு என்ற அறிக்கை அந்தத் தொகுதிக்கே இருக்க வேண்டும். "100%" என்று போட்ட பக்கற்றை எடுக்காதீர்கள், ஒழுங்கான ஆலைகளே 99.9-க்கு மேல் பேசுவதில்லை. தூளாக வாங்காதீர்கள், கொட்டையாக வாங்குங்கள், அதுவும் கொஞ்சமாக: டீகாஃப் சீக்கிரம் பழசாகும். முழுப் பணத்தையும் முன்னால் போடாதீர்கள். ஒரு பக்கற்றைப் பிரிக்காமல் வையுங்கள், வங்கிச் சிலிப்பையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977, தாமதிக்காமல் எழுத்திலும் கொடுங்கள். லேபல் பொய் என்றால் உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லுங்கள்.

கஃபீன் அறவே கூடாதென்று டொக்டர் சொன்னவர்களுக்கு டீகாஃப்பும் வேண்டாம். கொத்தமல்லியும் சுக்கும் வறுத்து இடித்த மல்லிக் கோப்பி கொடுங்கள், அதில் கஃபீன் இல்லை. கடையில் வாங்கினால் பக்கற்றின் பின்பக்கம் பாருங்கள், சிலதில் கோப்பித் தூளும் கலந்திருக்கும்.