இணையப் பண விளையாட்டு: தமிழகத்தின் கட்டுப்பாடும் மத்திய அரசின் தடையும்

பணம் வைத்து ஆடும் இணைய ரம்மி, போக்கர் போன்ற விளையாட்டுகளைக் கையாள இன்று இரண்டு சட்ட வழிகள் உள்ளன. ஒன்று, ஆளுநர் திருப்பியனுப்பியபின் தமிழகச் சட்டமன்றம் 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றிய சட்டமும், அதன்கீழ் 2025 பிப்ரவரியில் வெளியான விதிமுறைகளும். மற்றொன்று, 2025 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டே நாள்களில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் கடந்த மத்தியச் சட்டம். இவற்றில் தமிழகத்தின் வழியே அரசமைப்புச் சோதனையில் உறுதியாக நிற்கக்கூடியது என்பது என் கருத்து.

அந்த உறுதி எளிதில் வந்துவிடவில்லை. திறன் விளையாட்டு, அதிர்ஷ்ட விளையாட்டு என்ற வேறுபாட்டைப் பாராமல் தமிழகம் 2021-இல் கொண்டுவந்த தடையை, அளவுக்கு மிஞ்சியது என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. அதன்பிறகு நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரையைப் பெற்று அரசு புதிய சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் அச்சட்டத்தை ஏற்ற உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகக் காட்டிய அட்டவணையை மட்டும் நீக்கியது. இறுதியில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்குத் தடை, ஆதார் வழிச் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை ஆட்டத்துக்கு இடைநிறுத்தம் என்று விதிகள் குறுகி வந்தபோது, பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் நியாயமான கட்டுப்பாடுகள் என்று 2025 ஜூனில் அதே நீதிமன்றம் அவற்றை உறுதிசெய்தது. தூக்கம் கெட்டு, தட்டிக்கேட்க ஆளில்லாமல் மனிதர் பணத்தை இழக்கும் நேரத்தையே குறிவைத்ததால், இந்த இரவுத் தடையை மிகச் சிறந்த விதியாக மதிக்கிறேன்.

மத்தியச் சட்டமோ, திறனா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் புழங்கும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடைசெய்கிறது. சூதாட்டம் தொழிலாகாது என்று 1957-இலும், ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்தது என்று 1967-இலும் உச்ச நீதிமன்றம் கூறியுள்ள நிலையில், திறன் விளையாட்டை நடத்துவோர் அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 19(1)(ஜி) வழங்கும் தொழில் உரிமையைக் கோருவது இயல்பே. போதாததற்கு, பந்தயமும் சூதாட்டமும், மாநிலங்கள் சட்டமியற்றும் துறைகளைக் கூறும் மாநிலப் பட்டியலின் 34-ஆவது இனத்தில் இருப்பதால், நாடாளுமன்றத்துக்கு இந்த அதிகாரம் உண்டா என்ற கேள்வியும் எழுகிறது. பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

ஆனால் இரண்டு இடங்களில் மத்தியச் சட்டம் தமிழகச் சட்டத்தை விஞ்சுகிறது என்பதை மறுக்க இயலாது. இணையச் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை என்கிறது தமிழகச் சட்டம். கடனில் மூழ்கியவரைக் குற்றவாளியாக்கினால் அவர் உதவி தேடி வெளியே வரமாட்டார். மத்தியச் சட்டம் ஆடுபவரை விட்டுவிட்டு, நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று விதிக்கிறது. பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகும் வங்கிகளும் செயலிகளும் கூட அதன் பிடிக்குள் வருகின்றன. ஒரு மாநிலம் தனித்து இதைச் செய்வது கடினம்.

உச்ச நீதிமன்றம் மத்தியச் சட்டத்தை ஏற்றால், பண விளையாட்டைப் பொறுத்தவரை, தமிழகச் சட்டத்தின்கீழ் அமைந்த இணைய விளையாட்டு ஆணையம் ஒழுங்குபடுத்த எதுவும் மிஞ்சாது. மத்தியச் சட்டம் வீழ்ந்தாலோ, சொந்தச் சட்டம் இல்லாத மாநிலங்களின் மக்களுக்கு உடனடிப் பாதுகாப்பு இருக்காது. ஆகவே தமிழகம் தன் விதிமுறைகளைக் கைவிடாமல் வைத்திருப்பதோடு, ஆடுபவருக்கான சிறைத் தண்டனையை இப்போதே நீக்க வேண்டும்.