மேரி ஜேன், ரோவர், கேமராவை விழுங்கியவர்: பி.எஃப்.ஐ. யூடியூப் சேனலைத் தர்மபுரியில் திரையிட

தர்மபுரி, பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பள்ளியிலோ நூலகத்திலோ அரை மணி நேரம் மௌனப் படம் காட்ட நினைப்பவர்களுக்குக் காசில்லாமல் கிடைக்கும் நல்ல வழி, பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்டின் (பி.எஃப்.ஐ.) யூடியூப் சேனல். 1900களின் முதல் சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் எடுத்த குட்டிப் படங்கள் அங்கே காப்பகப் பிரதியிலிருந்தே ஏற்றப்பட்டிருக்கின்றன. இதே நிறுவனத்தின் கட்டணத் தளமான பி.எஃப்.ஐ. பிளேயர் பிரிட்டனுக்குள் இருப்பவர்களுக்கானது. இங்கிருந்து அதில் மெனக்கெட வேண்டாம்.

முதல் சிக்கல் தேடுவதில் வரும். படப் பெயர், குறிப்பு எல்லாம் ஆங்கிலத்தில்தான். பெயரோடு ஆண்டையும் பி.எஃப்.ஐ. என்பதையும் சேர்த்துத் தட்டுங்கள். இல்லாவிட்டால் வேறு யாரோ வண்ணம் பூசி, இல்லாத சட்டங்களை (ஃபிரேம்களை) கணினியால் நிரப்பி ஏற்றிய பிரதிகள் முன்னால் வந்து நிற்கும். அவற்றில் விரல்களும் முகங்களும் குழைந்துபோய்விடும், தவிர்த்துவிடுங்கள். வேகத்தையும் கவனியுங்கள். அன்றைய கேமராவைக் கையால் சுழற்றினார்கள், நொடிக்குச் சுமார் 16 சட்டங்கள். அதை நொடிக்கு 24 சட்டங்களாக ஓட்டினால் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகமாகிவிடும். பழைய படத்தில் எல்லாரும் குடுகுடுவென்று ஓடுவார்கள் என்று நாம் நினைப்பது இதனால்தான். அப்படி ஓடும் பிரதி கையில் சிக்கினால் யூடியூப் அமைப்பில் வேகத்தை 0.75 ஆக்குங்கள். நொடிக்கு 18 சட்டம் ஆகி, நடை மனித நடையாகிவிடும்.

தொடங்குவதற்கு ஜேம்ஸ் வில்லியம்சனின் 'தி பிக் ஸ்வாலோ' (1901) பொருத்தம். ஒரே நிமிடம். படம் பிடிக்க வந்தவர் மேல் எரிச்சலான ஒருவர் கேமராவை நோக்கி வந்துகொண்டே இருக்கிறார், கடைசியில் அவர் வாய் மட்டுமே திரை முழுக்க. அடுத்த காட்சியில் கேமராவும் படம் பிடித்தவரும் இருட்டுக்குள் விழுகிறார்கள். பிறகு விழுங்கியவர் மென்றபடி பின்வாங்குகிறார். வாயின் இருட்டுக்குப் பின் ஒரு கறுப்புத் திரையை வைத்து எடுத்த காட்சியை ஒட்டியதுதான் வித்தை. இரண்டாம் முறை ஓட்டி அந்த ஒட்டு விழும் இடத்தில் நிறுத்திக் காட்டினால் பிள்ளைகள் படத்தொகுப்பு என்றால் என்ன என்று பிடித்துக்கொள்வார்கள்.

சேனலில் இருப்பதிலேயே சிறந்தது ஜி.ஏ. ஸ்மித்தின் 'மேரி ஜேன்ஸ் மிஸ்ஹாப்' (1903). நாலு நிமிடம். வேலைக்காரப் பெண் மேரி ஜேன் அடுப்பு பற்றவில்லை என்று மண்ணெண்ணெயை ஊற்றுகிறாள், வெடித்துப் புகைபோக்கி வழியே பறக்கிறாள், உடல் துண்டு துண்டாகக் கூரைமேல் விழுகிறது. மேரி ஜேனாக வருபவர் ஸ்மித்தின் மனைவி லாரா பெய்லி, மேடையில் நகைச்சுவை செய்து தேறியவர். தூரக் காட்சியில் சமையலறை முழுக்கத் தெரியும், சட்டென்று இடுப்பளவு நெருக்கக் காட்சிக்கு மாறும், அங்கே அவள் முகம் கோணிச் சிரிப்பாள். அந்த நெருக்கக் காட்சிகள் நமக்காகவே வைக்கப்பட்டவை. கூத்து பார்த்துப் பழகிய பென்னாகரத்து ஆட்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது: கட்டியங்காரன் ராஜாவை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு பேசுவதுபோல மேரி ஜேன் கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். கல்லறைக் காட்சியில் அவள் ஆவி மண்ணெண்ணெய் டப்பாவைத் தேடி வருவது, ஒரே ஃபிலிமில் இரண்டு முறை ஒளிபடச் செய்து எடுத்தது.

இங்கேதான் சேனலின் பெரிய குறை. வீடியோக்களில் பின்னால் சேர்த்த இசை இருக்கிறது, பேச்சு இல்லை. அன்று கொட்டகைகளில் பல சமயம் ஒருவர் பக்கத்தில் நின்று கதை சொல்லுவார். படங்களில் எழுத்து அட்டை இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் ஒலியை முடக்கிவிட்டு, குரல் நன்றாக உள்ள ஒருவரைத் திரைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஊரில் கூத்துக்காரர் யாராவது கிடைத்தால் அவரையே அழையுங்கள். முந்தின நாள் படத்தைப் பார்த்துவிடட்டும். மேரி ஜேனின் கல்லறையில் ஆங்கிலத்தில் எழுதியுள்ள வேடிக்கை வாசகத்தை அவர் தமிழில் படித்துச் சொல்லாவிட்டால் அந்தச் சிரிப்பு அரங்குக்கு எட்டாது. சிறு பிள்ளைகள் இருந்தால் மண்ணெண்ணெயை அடுப்பில் ஊற்றக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

சோகப் பக்கத்துக்கு செசில் ஹெப்வொர்த்தின் 'ரெஸ்க்யூட் பை ரோவர்' (1905), ஏழு நிமிடத்துக்குள். பிச்சைக்காரி குழந்தையைத் தூக்கிப்போகிறாள், வீட்டு நாய் தேடிக் கண்டுபிடிக்கிறது. அப்பா ஹெப்வொர்த், அம்மா அவர் மனைவி, குழந்தை அவர்கள் மகள், நாய் அவர்களுடைய பிளேர். 395 பிரதிகள் விற்றன. பிரதி எடுக்கும் மூல ஃபிலிமான நெகடிவ் தேய்ந்துபோய் முழுப் படத்தையும் இரண்டு முறை மறுபடி எடுத்தார்கள். (அதே 1905இல்தான் சாமிக்கண்ணு வின்சென்ட் படக்கருவி வாங்கி நம் ஊர்களில் படம் காட்டக் கிளம்பினார்.) நாய் போகும் வழியைக் கவனிக்கச் சொல்லுங்கள்: ஜன்னல், தெரு, ஆறு, வரிசை வீடுகள். திரும்பும்போதும் அதே இடங்கள் வருவதால் எழுத்தே இல்லாமல் கதை புரிகிறது. ஆனால் ஏழை என்றால் திருடி, குடிகாரி என்று படம் சொல்வதை அப்படியே விட்டுவிடாமல் பிள்ளைகளோடு பேச வேண்டும்.

மொபைலிலிருந்து கம்பியில்லாமல் திரைக்கு அனுப்புவது பாதியில் அறுந்துவிடும், மடிக்கணினியும் எச்.டி.எம்.ஐ. கேபிளும் நம்பகமானவை. படத்தின் அகல-உயர விகிதம் 4:3, புரொஜெக்டருடையது 16:9. 8 அடி அகலத் திரையில் படம் 6 அடி அகலம், நாலரை அடி உயரம்தான் வரும். பக்கவாட்டில் கறுப்பு தெரிகிறதே என்று இழுத்துவிட்டால் எல்லாரும் குண்டாகிவிடுவார்கள், பெரிதாக்கினால் தலையும் காலும் வெட்டுப்படும். டிவி என்றால் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணையுங்கள். தானாக அடுத்த வீடியோ ஓடுவதையும் அணைத்துவிடுங்கள். படங்களுக்கு நடுவே விளம்பரம் வரலாம், அந்த நேரத்தில் திரையை மறைத்துக் கதைசொல்லி அடுத்த படத்தை அறிமுகப்படுத்தலாம்.