ஒரு வார இறுதியில் முடியுமாம்

பெட்டி ஆளுயரம் இருந்தது. நடுவில் ஜன்னலுக்கு இடம்விட்டு அழுத்திய பின்சுவர்த் தகடு ஒன்று, மூலைத் துண்டுகள் இரண்டு, கூரை விளிம்புக்கு நீளமாக வளைத்த பட்டை ஒன்று, நகரும் கண்ணாடி, அதற்கான ரப்பர், கூடவே நான்கு பக்கக் கையேடு. பழைய டொயோட்டா லாண்ட் குரூசர் 80 வாகனின் முதுகை வெட்டி, நான்கு கதவுப் பிக்கப் ஆக்குவதற்கான தொகுதி இது. ஆஸ்திரேலியர்கள் 'யூட்' என்பார்கள்; மெல்பேர்னில் இத்தனை வருடம் இருந்தும் என் வாயில் பிக்கப்தான் வருகிறது. விலை 1,280 டாலர். விற்றவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. தகடு நல்ல தகடு, கையேடு அண்டப்புளுகு. பெயரைச் சொன்னால் புளுகு மட்டுமே வாசிப்பவர் நினைவில் நிற்கும்.

என் வண்டி 1993ஆம் ஆண்டு மாடல். 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல். மெதுவாகப் போகும், ஆனால் நிற்காது. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. பின்பக்க உடலைத்தான் துரு தின்றுவிட்டது. பக்கக் கண்ணாடிகளுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால் அப்பளம்போல நொறுங்கியது. நல்ல எஞ்சினைக் கழிவிரும்புக்குப் போட எனக்கு மனம் வராது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோலுக்குத் தடை இருந்த நாட்களில், சிறு போத்தலிலிருந்து நாலு துளி பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் ஓட்டிய வீட்டில் வளர்ந்தவன் நான்.

இந்த வண்டியை வெட்டலாம் என்பதற்குக் காரணம் அதன் கீழே இருக்கிற ஏணி போன்ற சேசிஸ். பாரத்தைச் சுமப்பது அதுதான். உடல் அதன்மேல் ரப்பர் குஷன்களில் உட்கார்ந்திருக்கிறது. உடலே சட்டமாக இருக்கும் இன்றைய குடும்பக் கார்களில் இந்த வேலையைச் செய்தால் வண்டி இரண்டாக மடியும்.

கையேட்டின் முதல் வரி: 'உட்புறத்தைக் கழற்றவும்.' இந்த ஒரு வரிக்கு எனக்கு மூன்று வார இறுதிகள் போயின. மூன்றாம் வரிசை இருக்கைகள், கம்பளம், கூரைத் துணி, பின்விளக்குகளுக்குப் போகும் வயர்க் கற்றை எல்லாம் வெளியே வந்தன. டீசல் தாங்கியைக் கழற்ற வேண்டும் என்று கையேட்டில் ஓரிடத்திலும் இல்லை. கிரைண்டரிலிருந்து பறக்கும் பொறிக்குத் தாங்கி எது, கம்பளம் எது என்று தெரியாது. நான் தாங்கியை இறக்கி, மீதிக் கண்ணாடிகளை ஈரக் கம்பளியால் மூடினேன். மூடாமல் விட்டால் பொறிகள் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாகப் பதிந்துவிடும். எத்தனை துடைத்தாலும் போகாது.

அடுத்தது வெட்டும் கோடு. தொகுதியோடு ஒரு காகித வார்ப்பு வருகிறது. அதைக் கதவுத் தூணுக்குப் பின்னால் ஒட்டி, அதன் விளிம்பில் வெட்டச் சொல்கிறார்கள். வலப்பக்கம் அச்சாகப் பொருந்தியது. இடப்பக்கத்தில் 12 மில்லிமீட்டர் பிசகு. நல்ல வேளையாக, கோட்டிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் முதலில் வெட்டினேன். பிறகு தகட்டை வைத்துப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். கோட்டிலேயே வெட்டியிருந்தால் அந்தப் பக்கம் வெல்டிங் ஒட்டுப் போட இரும்பே இருந்திருக்காது. தொலைபேசியில் கேட்டேன். "உங்கள் வண்டி முன்பு எங்காவது அடிபட்டிருக்கும்" என்றார்கள். வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு கீறல்கூட விழவில்லை.

கூரை கடைசியாக அறுந்து, பின்பாதி முழுவதும் தரையில் இறங்கியபோது மச்சான் கையுறையைக் கழற்றிவிட்டு, "அத்தான், அக்காவுக்குச் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டான். சொல்லியிருக்கவில்லை.

இனித் தகட்டைப் பற்றி. கொடுத்த காசு இதற்குத் தகும். 1.2 மில்லிமீட்டர் கனம்; நடுவில் வரிவரியாக அழுத்தியிருப்பதால் தட்டினால் தகர டப்பாபோல அதிராது. கூரையின் வளைவை மூலைத் துண்டுகள் அப்படியே பிடித்திருக்கின்றன. அந்த வளைவைச் சுத்தியலால் தட்டி எடுக்க என்னால் ஆயுளுக்கும் முடியாது. துத்தநாகப் பூச்சு இருப்பதால் ஒட்டுப் போடும் விளிம்பில் அதைச் சுரண்டிவிட வேண்டும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஒட்டை நீளமாக இழுக்கவும் கூடாது. இங்கே ஒரு பொட்டு, அங்கே ஒரு பொட்டு, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு அடுத்தது. அவசரப்பட்டு ஒரு சாண் நீளம் இழுத்த இடத்தில் தகடு நெளிந்தது. அதை மறைக்கப் பூசிய பட்டிப் பசையை இன்றைக்கும் மாலை வெயிலில் பார்க்கலாம். ஒட்டுமுன் பேட்டரி வயரைக் கழற்றவும் மறக்கக் கூடாது.

என் கோபமெல்லாம் கையேடு சொல்லாமல் விட்டதைப் பற்றியது. எங்கள் விக்டோரியா மாநிலத்தில் இப்படி மாற்றிய வண்டிக்கு 'வாஸ்' எனும் வாகனச் சோதனை முறையில் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்றிதழ் வேண்டும். நான் கிரைண்டரைத் தொடுமுன் அவரிடம் போனது தப்பித்தவறிச் செய்த புத்திசாலித்தனம். அவர் முதலில் கேட்டது பின்னிருக்கை இருக்கைப்பட்டிகள் எந்தத் தூணில் பிடித்திருக்கின்றன என்று. அந்த இரும்பை எந்தக் காரணத்துக்கும் தொடாதே என்றார். அடுத்தது, கேபினுக்குப் பின்னால் பொருத்தும் சுமைத் தட்டு பின் அச்சுக்கு அப்பால் எவ்வளவு நீளும் என்பது. சக்கர இடைத்தூரத்தில் 60 சதவீதம்தான் எல்லை. இந்த வண்டிக்கு 2,850 மில்லிமீட்டர் இடைத்தூரம், ஆகவே 1,710. நான்கு கதவையும் வைத்துக்கொண்டால் கேபின் பின் அச்சுவரை வந்துவிடுகிறது. பாரம் எல்லாம் அச்சுக்குப் பின்னால் விழுந்து முன்சக்கரத்தை லேசாக்கும். சிலர் சேசிஸையே வெட்டி நீட்டுகிறார்கள். எனக்கு அந்தத் துணிவு இல்லை, 1,300 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டோடு நிறுத்திக்கொண்டேன். மெத்தை ஏற்றினால் கால்மாடு வெளியே தொங்கும்.

கையேட்டின் கடைசிப் படத்தில் தட்டு கேபினோடு ஒட்டி நிற்கிறது. அது அழகு, ஆனால் மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுகும்போது கேபின் ஒரு பக்கமும் தட்டு இன்னொரு பக்கமும் சாயும். ஒட்டி வைத்தால் இரண்டும் உரசிப் புதுச்சுவர் கிழியும். நான் 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். விக்டோரிய மலைக்காட்டுப் பாதை ஒன்றில் மச்சான் இறங்கி நின்று பார்த்தபோது அந்த இடைவெளி ஒரு மூலையில் பாதியாகச் சுருங்கியதாம்.

பிரேக்கும் மாறிவிடும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை அச்சோடு கோத்த ஒரு கம்பியால் உணர்ந்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் பிரித்துக் கொடுக்கும் வால்வு ஒன்று இந்த வண்டியில் உண்டு. முதுகின் எடை போனதும் பின்பக்கம் உயர்ந்தது. வால்வு, பாரமே இல்லை என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிட்டது. பொறியாளர்தான் கண்டுபிடித்துச் சரிசெய்ய வைத்தார். வெற்றுத் தட்டோடு போனால் பின் ஸ்பிரிங் இப்போதும் முதுகெலும்பை எண்ணுகிறது.

கையேடு ஒரு வார இறுதி என்றது. எனக்குப் பதினொன்று ஆயின, பெயின்டைச் சேர்க்காமல். ஒட்டுப் போடத் தெரிந்தவர், தகரத்தை வளைக்கத் தெரியாதவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஒட்டு இதில்தான் பழகப்போகிறேன் என்பவர் முதலில் பழைய கதவு ஒன்றில் பழகட்டும். ஜன்னல் ரப்பர் மட்டும் மட்டமானது. வேறு வாங்கிப் போடுங்கள்.

அதை நான் அறிந்த விதம் இது. எல்லாம் முடிந்ததும் பின்னிருக்கையில் கைவிளக்கோடு உட்கார்ந்தேன். மனைவி வெளியிலிருந்து தோட்டக் குழாயால் பின்சுவரில் நீர் பாய்ச்சினாள். ஒட்டு விளிம்புகளில் ஒரு துளி இல்லை. கண்ணாடியின் இடது கீழ் மூலையில் மட்டும் நீர் கோடாக இறங்கி என் சட்டைக்குள் போனது. "ஒழுகுகிறதா?" என்றாள். இல்லை என்றேன். குழாயை அவள் நிறுத்தவில்லை.