சுகர், பிரஷரோடு வெளிநாடு: நாகர்கோவிலில் கிடைக்கும் பயணக் காப்பீடு தேறுமா?

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா, ஆஸ்திரேலியா போகும் பெற்றோர், விசிட் விசாவில் வளைகுடா போகிறவர்கள், புனித பூமிப் பயணம், உம்ரா என்று குமரி மாவட்டத்திலிருந்து கிளம்பும் பெரியவர்களில் சுகர், பிரஷர் மாத்திரை இல்லாதவர் குறைவு. ஸ்டென்ட் வைத்தவர்களும் உண்டு. இவர்கள் கைக்குப் பயணக் காப்பீடு மூன்று வழியில் வருகிறது. விமான டிக்கெட் எடுக்கும்போது திரையில் வரும் கட்டத்தில் டிக் அடிப்பது ஒன்று. வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ டிராவல்ஸ்காரர் விசா வேலையோடு சேர்த்துத் தருவது இன்னொன்று. நிறுவனத்திடம் நேரடியாகவோ ஏஜென்ட் மூலமோ ப்ரோபோசல், அதாவது நோய் விவரம் கேட்கும் விண்ணப்பம், எழுதி வாங்குவது மூன்றாவது. ஏற்கெனவே உள்ள நோய் போன இடத்தில் முற்றினால் பணம் வருமா என்ற ஒரே கேள்வியை வைத்து மூன்றையும் பார்ப்போம்.

டிக்கெட்டோடு வரும் பாலிசி விலை குறைவு. பெட்டி தொலைந்தால், விமானம் தாமதமானால் உதவும். நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காது, சந்தேகம் வர வேண்டியது அங்கேதான். கேட்காத பாலிசிகளில் பெரும்பாலும் பழைய நோய் மொத்தமாக விலக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ‘நான் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறேன்’ என்ற உறுதிமொழியும் அதே டிக்குக்குள் அடங்கிவிடும். சுகர்காரருக்கு இது வேண்டாம்.

டிராவல்ஸ் தரும் பாலிசி விசாவுக்கான காகிதம். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, எல்லா ஷெங்கன் நாடுகளிலும், தங்கும் நாள் முழுவதும் செல்லுபடியாக வேண்டும். தூதரகம் பார்ப்பது அவ்வளவுதான். உங்கள் இதயத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அதனால் விசாவுக்குத் தேறுகிற மலிவான பாலிசியே கையில் வரும். குழுவாகப் போகும் யாத்திரையில் ‘இன்சூரன்ஸ் உண்டு’ என்று சொன்னால், உங்கள் பெயருள்ள சான்றிதழையும் முழு விதிமுறைப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். புனித பூமி போகிறவர்கள் போர் தொடர்பான விலக்கையும் அதில் வாசித்துவிடுவது நல்லது.

மூன்றாவது வழிதான் தேறுகிறது. அதிலும் ‘பழைய நோய்க்கும் கவரேஜ் உண்டு’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. இந்திய நிறுவனங்களின் பாலிசிகளில் அதற்குப் பொதுவாக இருக்கும் பொருள் இதுதான்: பழைய நோயால் உயிருக்கே ஆபத்து வந்தால், நிலைமை சீராகும் வரை ஆகும் செலவு, அதுவும் தனி உச்சவரம்புக்குள். சீரான பிறகு மீதி சிகிச்சையை ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். வழக்கமான டயாலிசிஸ், செக்கப், தீர்ந்துபோன மாத்திரை, அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று தள்ளிவைத்த ஆபரேஷன், இவை எதற்கும் பணம் இல்லை.

அந்த உச்சவரம்பைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, பாலிசியின் முகப்பில் போட்டிருக்கும் மொத்தக் காப்பீட்டுத் தொகை 1,00,000 டாலர், பழைய நோய்க்கு அதில் 10 சதவீதம் என்று வையுங்கள். அமெரிக்காவில் ஆஞ்சியோபிளாஸ்டி பில் 60,000 டாலர் வந்தால் 10,000 டாலருக்கு மேல் வராது. மீதி 50,000 மகன் தலையில். முகப்புத் தொகையை 5,00,000 ஆக்கினால் பாதுகாப்பு கூடிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. சில திட்டங்களில் பழைய நோய்க்கான வரம்பு சதவீதமாக இல்லாமல் ஒரே சிறிய தொகையாக இருக்கும், மேலே எவ்வளவு ஏற்றினாலும் அது அசையாது. 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பல திட்டங்களில் அறை வாடகை, ஐசியு, சர்ஜன் கட்டணம் என்று தனித்தனி வரம்பும் வரும். டிடக்டிபிள், அதாவது முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை, 100 டாலர் போல இருந்தால் பெரிய விஷயம் இல்லை.

அமெரிக்கா போகிறவர்களுக்கு அங்குள்ள நிறுவனங்களின் விசிட்டர் திட்டங்களையும் பிள்ளைகள் பார்ப்பார்கள். அவற்றில் ‘அக்யூட் ஆன்செட்’ என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். முன்னறிகுறி இல்லாமல் பழைய நோய் திடீரென முற்றி, 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போயிருந்தால்தான் பணம் என்பது வழக்கமான நிபந்தனை. நெஞ்சுவலியை இரண்டு நாள் ஜெலூசில் குடித்துச் சமாளித்துவிட்டுப் போனால் கிடைக்காது. வயது வரம்பும் உண்டு. ‘ஃபிக்ஸ்டு பெனிஃபிட்’ வகை ஒவ்வொரு சேவைக்கும் குறிப்பிட்ட தொகை மட்டும் தரும்; அமெரிக்க பில்லுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கப் பெற்றோருக்குத் தரும் கனடா சூப்பர் விசாவுக்கு ஓராண்டுக்குக் குறைந்தது 1,00,000 கனடிய டாலர் காப்பீடு வேண்டும். அங்கே ‘ஸ்டேபிலிட்டி’ விதி முக்கியம்: பயணத்துக்கு முந்தைய 90 அல்லது 180 நாட்களில் மருந்து மாறியிருந்தால் அந்த நோய்க்குக் கவரேஜ் போய்விடலாம். டோஸ் குறைத்தாலும் மாற்றம்தான். டாக்டரிடம் மருந்தை மாற்றுவதானால் கிளம்புவதற்கு வெகு முன்பே மாற்றிவிடச் சொல்லுங்கள். அதற்காகத் தேவையான மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

க்ளெய்ம் உடைவது பெரும்பாலும் ப்ரோபோசல் ஃபார்மில். ஏஜென்ட் வேகத்தில் எல்லா நோய்க்கும் ‘இல்லை’ போட்டுவிடுவார். அல்லது பாஸ்டனில் இருக்கும் மகன் ஆன்லைனில் நிரப்புவார். அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுவது அவருக்குத் தெரியாது. பிறகு அங்கே எமர்ஜென்சியில் சேர்த்ததும் டாக்டர் கேட்பார், அம்மாவும் உண்மையைச் சொல்வார்: பத்து வருஷமாகப் பிரஷர். அந்த வரி கேஸ் ஷீட்டில் ஏறும். க்ளெய்ம் பிரிவு முதலில் தேடும் வரியும் அதுதான். ஃபார்மும் கேஸ் ஷீட்டும் முரண்பட்டால், உண்மையை மறைத்ததாகச் சொல்லி மறுத்துவிடுவார்கள்.

அதனால் நிரப்பும்போது மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்ப வேண்டும். ஒவ்வொரு மாத்திரையும் எந்த நோய்க்கு, எந்த ஆண்டிலிருந்து, கடைசியாக எப்போது டோஸ் மாறியது என்று எழுதுங்கள். பழைய ஆபரேஷன்களும் வேண்டும். நம் மாவட்டத்தில் ஆஞ்சியோ திருவனந்தபுரத்தில், சுகர் டாக்டர் நாகர்கோவிலில், ரத்தப் பரிசோதனை தக்கலையில் என்று காகிதம் சிதறிக் கிடக்கும். டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசி ஈசிஜி, எக்கோ, ஹெச்பிஏ1சி, கிரியேட்டினின் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கிவையுங்கள். சொன்ன பிறகு நிறுவனம் பிரீமியத்தை ஏற்றலாம், இதயத்தை மட்டும் விலக்கலாம், தரவே மறுக்கலாம். இதயத்தை விலக்கிய பாலிசிகூட விழுந்து இடுப்பு ஒடிந்தால் உதவும். நிரப்பிய ஃபார்மின் நகலைத் தர மறுக்கும் ஏஜென்டிடம் வாங்காதீர்கள். பாலிசி வந்ததும் அதில் நோய்கள் சரியாக ஏறியிருக்கின்றனவா பார்த்து, பிழை இருந்தால் கிளம்பும் முன்பே மெயிலில் திருத்தக் கேளுங்கள். இங்கிருந்து கிளம்பிய பிறகு புதிதாக எடுக்கப் பொதுவாக முடியாது. தங்குவது நீளும் என்றால் நீட்டிப்பைப் பாலிசி முடியும் முன்பே கேட்க வேண்டும். முதல் காலத்தில் வந்த நோய் நீட்டிப்பில் பழைய நோயாகிவிடும்.

பாலிசியில் உள்ள அசிஸ்டன்ஸ் எண்ணை, அதாவது அவசர உதவிக்கு அழைக்கும் எண்ணை, உடன் இருப்பவர்கள் எல்லாருடைய போனிலும் ஏற்றுங்கள். மருத்துவமனையில் சேர்ந்தால் உடனே அழைத்துக் கேஸ் எண் வாங்க வேண்டும். தாமதித்தால் கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேராகக் கட்டுவது, சிக்கலாகும். அமெரிக்காவில் மருத்துவமனை, டாக்டர், ஆம்புலன்ஸ், லேப் என்று தனித்தனியாக, ஊர் திரும்பி மாதங்கள் கழித்தும் பில் வரும். ஒவ்வொன்றையும் அதே கேஸ் எண்ணில் அனுப்புங்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள். வளைகுடா போகிறவர்கள் நரம்பு எரிச்சலுக்குப் பிரீகாபலின் சாப்பிட்டால் கவனம்: அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, முன் அனுமதி வேண்டும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பார். நமக்குக் கொச்சி பக்கம் என்றாலும் அது கேரளத்துக்கான அலுவலகம். குமரி மாவட்டம் சென்னை அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஆன்லைனிலேயே மனுப் போடலாம்.