ஐந்து வருட சட்டப்படிப்பா, டிகிரிக்குப் பிறகு மூன்று வருடமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்துப் பெற்றோர் என்னிடம் கேட்பது இதைத்தான். "ஐந்து வருடத்தில் சேர்த்தால் இழுத்துக்கொண்டே போகுமே, மூன்று வருடம்தானே சுருக்கம்?" கணக்கைச் சரியாகப் போட்டுவிடுவோம். மூன்று வருடப் படிப்புக்கு முன்னால் மூன்று வருட டிகிரி வேண்டும். ஆக, ஐந்துக்கும் ஆறுக்கும்தான் போட்டி. ஒரே ஒரு வருட வித்தியாசம்.

அந்த ஒரு வருடத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பெரியது. ஐந்து வருடப் படிப்பு என்பது பி.ஏ. போன்ற டிகிரியும் சட்டமும் சேர்ந்த ஒரே படிப்பு. அதில் பாதியில் இறங்க வழி கிடையாது. நடுவில் நிறுத்தினால் பி.ஏ. பட்டத்தை மட்டும் பிரித்துத் தர முடியாது என்று வக்கீல் தொழிலை முறைப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளே சொல்கின்றன. நான்காம் வருடத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் துறைமுக வேலை நின்றுபோகிறது என்று வையுங்கள். பிள்ளை படிப்பை விட்டால் கையில் இருப்பது பிளஸ் டூ சான்றிதழ் மட்டும். அதே பிள்ளை பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலோ வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியிலோ ஒரு டிகிரி முடித்திருந்தால், குரூப் 2 எழுதலாம், வேலைக்குப் போகலாம், பணம் சேர்த்துக்கொண்டு இருபத்தைந்து வயதில்கூட சட்டத்துக்குத் திரும்பலாம். ஒருவர் சம்பாத்தியத்தில் ஓடும் வீட்டுக்கு நான் 3+3 தான் சொல்வேன்.

ஐந்து வருடத்துக்கும் ஒரு பலம் உண்டு. தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு அது பெரிய பலம். முதல் இரண்டு வருடம் ஆங்கிலம், அரசியல் அறிவியல் போன்ற பாடங்களோடு சட்டம் மெதுவாக உள்ளே வரும். தீர்ப்பு வாசிக்கும் ஆங்கிலம் பழகுவதற்கு அவகாசம் கிடைக்கும். மூன்று வருடத்தில் ஒப்பந்தச் சட்டம், குற்றவியல் எல்லாம் எடுத்த எடுப்பில் தலைமேல் விழும். அரியர் விழுந்தால் ஆறே செமஸ்டரில் ஈடுகட்டுவது கடினம்.

அப்புறம் பயணம். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த அரசு சட்டக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து போனது. முன்பெல்லாம் வகுப்பு முடிந்ததும் பக்கத்திலேயே கோர்ட் ஹாலில் உட்கார்ந்து வாதம் கேட்கலாம். இன்று கொருக்குப்பேட்டைப் பிள்ளை பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி, திருவள்ளூரில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். புதுப்பாக்கம் என்றால் ஊரின் மறுகோடி. 70 சதவீத வருகைப்பதிவு கட்டாயம் என்பதால் பகுதி நேர வேலைக்கும் இடம் குறைவு. இந்த அலைச்சலை ஐந்து வருடம் தாங்குவதும் மூன்று வருடம் தாங்குவதும் ஒன்றல்ல.

சில கஷ்டங்கள் இருவருக்கும் பொது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான பிரிவு 302, அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகிவிட்டது. மோசடிக்கான 420, 318க்குப் போய்விட்டது. அந்தத் தேதிக்கு முந்தைய குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துவதால் இரண்டையும் படித்தாக வேண்டும். படிப்பு முடிந்து வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணத்தில் மட்டும் நிம்மதி. பொதுப் பிரிவினருக்கு 750, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு மூத்த வக்கீலிடம் தொழில் பழகும் ஜூனியர் காலம்தான் வறண்டது. நகரத்தில் மாதம் 20,000 ரூபாய் கொடுங்கள் என்று இந்திய பார் கவுன்சில் சொன்னது வெறும் பரிந்துரை. பஸ் செலவுக்குத் தேறினாலே போதும் என்ற நிலையில் இருக்கும் ஜூனியர்கள் ஏராளம். நீதிபதித் தேர்வை உடனே எழுதலாம் என்றும் நம்ப முடியாது. சிவில் நீதிபதி பணிக்கு மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இத்தனைக்கும் பிறகு ஏன் படிக்க வேண்டும்? நம் தெருவில் ஒரு பையனைச் சந்தேகத்தின் பேரில் கூட்டிக்கொண்டு போனால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று ஸ்டேஷனில் நின்று சொல்ல ஆள் வேண்டும். 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த உத்தரவுகளை மீனவர் வீடுகளில் உட்கார்ந்து விளக்க ஊர்ப் பிள்ளைகளே வக்கீலாக வேண்டும். இந்த நிறைவுக்கு ஐந்து, மூன்று என்ற பேதம் இல்லை.

என் பதிலை மாற்றும் விஷயம் ஒன்று உண்டு. நல்ல மார்க் இருந்து, அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் இடம் கிடைத்தால் ஐந்து வருடத்தை யோசிக்கலாம். அது பெருங்குடியில் இருக்கிறது, கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் அலைச்சல் பாதியாகும். கட்டணம் அரசுக் கல்லூரியைவிட மிக அதிகம். அதனால் வீட்டில் இன்னொரு சம்பளம் நிலையாக வருகிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.