சர்ச் ஸ்ட்ரீட் கே.சி. தாஸ்: டின் ரசகுல்லாவ வச்சு முடிவு பண்ணாதீங்க

பெங்களூர்ல இருக்கற நம்ம ஆளுங்ககிட்ட ஸ்வீட்டுன்னு பேச்செடுத்தா மைசூர் பாக், ஒப்பட்டு, தார்வாட் பேடா இதோட நின்னுடுவாங்க. ரசகுல்லான்னா "அய்யோ வெறும் சக்கரப்பா, ரப்பர் மாதிரி இருக்கும்"னு ஒரே போடா போட்டுடுவாங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஏன்னா அவங்க சாப்பிட்டதெல்லாம் கல்யாண பந்தியில கடைசில வைக்கறது இல்லன்னா டின்ல வர்றது. எங்க ஏரியாலயே ஒரு ஸ்வீட் கடை (பேர் வேணாம்) ரசகுல்லாவையும் குலாப் ஜாமூனையும் ஒரே பாகுல போட்டு வச்ச மாதிரி தான் குடுப்பாங்க, கடிச்சா பல்லுல மாவு ஒட்டும். அதனால தான் இத எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா நல்ல ரசகுல்லா நம்ம ஊருக்குள்ளயே கெடைக்குது.

எம்.ஜி. ரோடு மெட்ரோல இறங்கி சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு வாங்க, கல்லு பதிச்ச ரோட்ல பழைய புக் கடை, பப்பு, காபி ஷாப்பு எல்லாத்தையும் தாண்டி செயின்ட் மார்க்ஸ் ரோடு சேர்ற முக்கு வரைக்கும் நடந்தீங்கன்னா கே.சி. தாஸ்ங்கற பெங்காலி ஸ்வீட் கடை. 1972ல இருந்து இங்க இருக்கு. சுத்தி இருக்கற கடைங்க எத்தனையோ தடவ மாறிடுச்சு, இது மட்டும் அப்படியே.

முதல்ல சாதா வெள்ள ரசகுல்லா வாங்குங்க, பார்சல் வேணாம், அங்கயே சாப்பிடுங்க. ஸ்பூன வச்சு லேசா அமுக்கிப் பாருங்க, பாகு வெளிய வரும், கைய எடுத்ததும் உருண்ட பழையபடி எழும்பி அந்த பாகையே திரும்ப உறிஞ்சிக்கும். கடிக்கறப்போ பல்லுக்கு நடுவுல ஒரு சின்ன கீச் சத்தம் வரும் பாருங்க, அது வந்தா தான் சேனாவ (திரிச்ச பால்ல வடிகட்டி எடுக்கறது, பன்னீர் மாதிரி) நல்லா பிசைஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். பாகு தண்ணியா தான் இருக்கும், கையில பிசுபிசுன்னு ஒட்டாது, இனிப்பு முடிஞ்சதும் நாக்குல பால் வாசன தங்கும். அந்த பால் வாசன தான் டின்ல இல்லாம போறது.

விஷயம் எல்லாம் சேனாலதான் இருக்கு. பசும்பால திரிச்சு, துணில வடிகட்டி, தண்ணி கொஞ்சம் மிச்சம் இருக்கறப்பவே உள்ளங்கை அடிப்பாகத்தால தேய்ச்சுத் தேய்ச்சு பிசையணும். கம்மியா பிசைஞ்சா கொதிக்கற பாகுல உடைஞ்சிடும், ஜாஸ்தியா பிசைஞ்சா நெய் விட்டு உருண்ட கெட்டியாயிடும். இத எண்ணெயில பொரிக்கறது இல்ல, பாகுலயே வேக வைக்கறாங்க, உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி தான் அது பஞ்சு மாதிரி உப்புது. அதனால மாவ சேர்த்து ஏமாத்தினா உடனே தெரிஞ்சிடும்.

எங்க அம்மா சேலத்துல இருந்து வந்தப்போ கூட்டிட்டு போனேன். "ஏண்டா, திரிஞ்ச பாலயா இவ்வளவு காசு குடுத்து வாங்கற?"ன்னாங்க. நம்ம வீட்ல பால் திரிஞ்சா மனசு சங்கடப்படும், நல்ல நாள்ல திரிஞ்சா கேக்கவே வேணாம். நமக்கு பால் ஸ்வீட்டுன்னா சுண்டக் காச்சறது தான், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாமே அப்படித்தான. வங்காளத்துக்காரங்க அதே பால வேணும்னே திரிச்சு இவ்வளவு பெரிய கலைய உருவாக்கி வச்சிருக்காங்கன்னா அது எனக்கு உண்மையிலயே பிரமிப்பா இருக்கு. அம்மா ஒண்ணு சாப்பிட்டுட்டு ஒண்ணும் சொல்லல, ரெண்டாவது கேட்டாங்க.

இந்த குடும்பத்தோட கதையும் தெரிஞ்சுக்கோங்க. கல்கத்தா பாக்பஜார்ல நொபின் சந்திர தாஸ் 1868ல இந்த பஞ்சு ரசகுல்லாவ கொண்டு வந்தார்னு சொல்றாங்க, அவர் பையன் கிருஷ்ண சந்திர தாஸ் பேர்ல தான் கடை. டின்ல அடைச்சு ரசகுல்லாவ வெளியூருக்கு அனுப்புனதும் இவங்க தான், 1930ல. ஒடிசாக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, பூரி ஜகந்நாதர் கோயில்ல அதுக்கு முன்னாடியே படைச்சிட்டு இருக்கோம்பாங்க. கடைசில வங்காளத்துக்கு 2017ல, ஒடிசாவுக்கு 2019ல தனித்தனியா ஜிஐ (புவிசார் குறியீடு) குடுத்துட்டாங்க, எனக்கும் அது தான் சரின்னு படுது, ரெண்டும் வேற வேற ருசி. 1965ல பால் தட்டுப்பாடுன்னு மேற்கு வங்க அரசாங்கம் சேனா ஸ்வீட் செய்யறதுக்கே தடை போட்டுச்சு, அதையும் தாண்டி தான் இந்த தொழில் நிக்குது.

மத்த அயிட்டம்ல ரசமலாய் நல்லா இருக்கும், மிஷ்டி தோய் (இனிப்பு தயிர்) எனக்கு ரொம்ப பிடிக்கும். ஆனா குளிர் காலத்துல போனீங்கன்னா நொலேன் குர் வெல்லம் போட்ட சந்தேஷ் (இதுவும் சேனா ஸ்வீட் தான்) இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க. ஈச்ச மரத்து பதநீர காச்சற வெல்லம் அது, நம்ம கருப்பட்டிக்கு சொந்தக்காரன், ஆனா அந்த காரம் இருக்காது, லேசா புகை வாசன வரும். கருப்பட்டி பிடிச்சவங்களுக்கு இது பிடிக்காம போக வாய்ப்பே இல்ல. சீசன் முடிஞ்சா அடுத்த வருஷம் தான்.

அல்சூர்ல இருந்து வர்ற தமிழ் குடும்பம், பெங்காலி ஐடி பசங்க, கன்னட தாத்தா பாட்டி எல்லாரும் இங்க வந்து சாப்பிடறாங்க. சிட்டில ஸ்வீட் கடைன்னா தீபாவளிக்கு கிஃப்ட் பாக்ஸ் வாங்கற எடம்னு ஆயிடுச்சு, இங்க ஒருத்தர் ஒரே ஒரு ரசகுல்லாவுக்காக வந்து உட்காரலாம், அது எனக்கு பெரிய விஷயம்.

ஊருக்கு எடுத்துட்டு போறவங்க டின் வாங்கிக்கோங்க, ட்ரெயின்ல கொட்டாது, கெடாது. ஆனா எந்த கம்பெனி டின்னா இருந்தாலும் உருண்ட கொஞ்சம் இறுகி தான் இருக்கும், வீட்ல பாக்கறவங்ககிட்ட இத முன்னாடியே சொல்லிடுங்க. ஃப்ரெஷ்ஷா வாங்குனா அன்னிக்கே காலி பண்ணிடுங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சு சில்லுன்னு சாப்பிடாம கொஞ்ச நேரம் வெளிய வச்சுட்டு சாப்பிடுங்க. ஞாயித்துக்கிழம சாயந்திரம் சர்ச் ஸ்ட்ரீட்ல நிக்கவே எடம் இருக்காது, வார நாள்ல மத்தியானமா போறது நல்லது.